பழைய கேம்பர் வேனின் மின்கோளாறுகளுக்கு ஒரு வயர்மேன் பட்டறை: மாக் மண்டின் அனுபவம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் தொழிற்பேட்டையின் உள்சாலை ஒன்றில், டயர்க் கடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டறைக்கும் நடுவே உள்ள ஒற்றைக் கடையில், வயர்மேன், பேட்டரி, ஏர்கோன் என்று மலாயில் எழுதிய மங்கிய பலகை ஒன்று தொங்குகிறது. அந்தப் பட்டறைக்கு வேறு பெயர் கிடையாது. அதை நடத்தும் அண்ணன் நெடுங்காலமாக லாரி, பேருந்து, வேன் ஆகியவற்றின் மின்வேலையை மட்டுமே செய்து வருபவர். தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். கேம்பர் வேன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது பினாங்கிலும் கெடாவிலும் ஆங்காங்கே இருப்பதாலும், அவர்களுள் பலர் பழைய வண்டியையே வாங்கியிருப்பதாலும், இந்தப் பட்டறையில் எங்களுக்குக் கிடைத்த சேவையை விரிவாகவே எழுத விரும்புகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பொருளைக் கழற்றி மாற்றுவதற்கு முன்பு அளந்து பார்க்கும் வயர்மேன் ஒருவரை நான் இங்கேதான் கண்டேன்.

எங்கள் வண்டி 1993-ஆம் ஆண்டில் பதிவான ஜப்பானிய டீசல் வேன். நானும் என் கணவரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி, விசிறி எல்லாம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த நிலையில் அதை ஈப்போவில் வாங்கினோம். இப்படிப்பட்ட வண்டிக்குள் உண்மையில் இரண்டு மின்னமைப்புகள் இருக்கின்றன. ஒன்று தொழிற்சாலையில் போட்டது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து அந்தப் பேட்டரியை நிறைக்கும் ஆல்டர்னேட்டர், விளக்குகள், ஃபியூஸ் பெட்டி ஆகியவை அதைச் சேர்ந்தவை. மற்றது, வேனைக் கேம்பராக மாற்றியவர் பிறகு போட்டது. வீட்டுப் பகுதிக்கான இரண்டாவது பேட்டரி, குளிர்பெட்டி, உட்புற விளக்குகள், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவை அதைச் சேர்ந்தவை. முதலாவதுக்குத் தொழிற்சாலை வரைபடம் உண்டு. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் எந்த வரைபடமும் இருப்பதில்லை. போட்டவர் யார், எந்த ஆண்டில் போட்டார், எதை எதோடு இணைத்தார் என்பது வண்டியை விற்றவருக்கே தெரியாது.

எங்களுக்கு மூன்று தொல்லைகள் இருந்தன. வண்டியை ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தால் எஞ்சின் கிளம்பாது. எஞ்சின் ஓடாத இரவுகளில் குளிர்பெட்டி சில நிமிடங்கள் ஓடி, நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்று, விடிவதற்குள் உள்ளே இருக்கும் மீனும் பாலும் கெட்டுவிடும். வலப்பக்க சிக்னலைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால், பின்விளக்கு மங்கி, எண் பலகையின் விளக்கும் சிக்னலோடு சேர்ந்து சிமிட்டும். மூன்றாவதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதுதான் எங்களை அச்சுறுத்தியது. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பந்திங் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் புறப்பட நினைத்த காலையில் சாவியைத் திருப்பியபோது வெறும் 'டக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. யானை நடமாட்டம் உள்ள காட்டுப்பகுதி அது. தொலைபேசி இணைப்பு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, தம் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எங்களைக் கிளப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பட்டறைகளுக்குப் போனோம். முதல் இடத்தில் பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லி இரண்டு பேட்டரிகளையும் புதிதாகப் போட்டார்கள். எட்டே நாளில் மறுபடி வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது இடத்தில் ஆல்டர்னேட்டர் சரியில்லை என்று அதை மாற்றினார்கள். பழையதைக் கழிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அதே கதைதான். இரண்டு இடங்களிலுமாக 1,350 ரிங்கிட் செலவாகியிருந்தது. அந்தப் பட்டறைகள் ஏமாற்றின என்று நான் சொல்ல வரவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கான நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார், பொருளுக்குத்தான் தருவார் என்ற எண்ணம் நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை உருவாக்கியதில் வாடிக்கையாளர்களாகிய நமக்கும் பங்கு உண்டு.

மாக் மண்டின் அண்ணன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பு எங்களிடம் ஏறத்தாழ அரை மணி நேரம் பேசினார். எத்தனை நாள் நிறுத்தினால் கிளம்புவதில்லை, நிறுத்தும்போது கடைசியாக எதைப் பயன்படுத்தினீர்கள், குளிர்பெட்டி எஞ்சின் ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறதா, மழைநாளில் தொல்லை கூடுகிறதா என்று கேட்டு, பதில்களைப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொண்டார். "டீச்சர், பேட்டரி மேல குத்தம் இல்ல. ராத்திரியெல்லாம் யாரோ திருடிக் குடிக்கிறான். அவன் யாருன்னு தெரியாம நான் ஒரு ஸ்க்ரூவ கூட கழட்ட மாட்டேன்" என்றார். கண்டுபிடிப்பதற்கு மட்டும் 180 ரிங்கிட், அதன் பிறகு சரிசெய்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம் என்று வாய்ச்சொல்லாகவே விலையையும் சொல்லிவிட்டார்.

முதலில் பேட்டரிகளை அளந்தார். பன்னிரண்டு வோல்ட் ஈய பேட்டரி, சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழுமையாக நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டிய நிலை. எங்களுடையவை இரண்டும் 12.2 காட்டின. இரண்டும் புள்ளி வைத்தாற்போல ஒரே எண்ணைக் காட்டியதை அவர் உடனே கவனித்தார். தனித்தனியாக இருக்க வேண்டிய, வெவ்வேறு அளவுள்ள இரண்டு பேட்டரிகள் ஒரே அழுத்தத்தில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். இல்லையென்றால் அவை எங்கோ ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன என்று என் கணவருக்கு விளக்கினார். பிறகு எஞ்சினைக் கிளப்பச் சொல்லி அளந்தபோது 14.1 வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே போதும். மீட்டரை மாறு மின்னோட்டத்துக்குத் திருப்பி, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கசிகின்றனவா என்றும் பார்த்தார். அங்கும் குறையில்லை. பழைய ஆல்டர்னேட்டரும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

திருடனைத் தேடிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டறையின் தரம் அதில்தான் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, முன்னிருக்கைக்கு அடியில் இருந்த எஞ்சின் பேட்டரியைத் திறந்து வைத்தார். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும் என்பதால், கதவின் சுவிட்சைத் துணிக்கிளிப் போட்டு அழுத்தி வைத்தார். பிறகு பேட்டரியின் எதிர்முனை வயரைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரின் தாடையைப் போட்டார். வயரை அறுக்காமல், கழற்றாமல், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை இந்தக் கருவி காட்டுகிறது. ஆனால் விலை குறைந்த பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டில் வரும் மாறு மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும்; வண்டிக்கு நேர் மின்னோட்டத்தை அளக்கும் வகைதான் தேவை என்பதையும், ஒவ்வொரு முறையும் வயரில் மாட்டும் முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் அவர் சொல்லிக் காட்டினார். லோரோங் கூலிட் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரையே வரிசையில் இணைத்தும் அளக்கலாம். ஆனால் அந்நேரம் யாராவது சாவியைத் திருப்பிவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் எரிந்துபோகும்.

இருபது நிமிடம் காத்திருந்த பிறகு மீட்டர் 0.68 ஆம்பியரில் நின்றது. கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் மட்டுமே விழித்திருக்கும் இப்படிப்பட்ட பழைய வண்டி 0.05 ஆம்பியருக்குமேல் எடுக்கக் கூடாது. 0.68 என்பது கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்று பெருக்கினால் பதினாறு ஆம்பியர்-மணி ஆகிறது. எங்கள் இரண்டு பேட்டரிகளின் கொள்ளளவும் சேர்ந்து 170 ஆம்பியர்-மணி என்பதால், எட்டு நாளில் அதில் முக்கால்வாசி தீர்ந்து, எஞ்சினைச் சுற்றும் வலு போய்விடுகிறது. அவர் சுண்ணக்கட்டியால் தரையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். எட்டு நாள் என்று நாங்கள் முதலில் சொன்னதும் கணக்கில் வந்த எட்டும் ஒத்துப்போனபோது, முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய எனக்கே சிலிர்ப்பாக இருந்தது.

அடுத்து, ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரைப் பார்த்தார். எதைப் பிடுங்கினாலும் எண் அசையவில்லை. அப்படியென்றால் திருட்டு, தொழிற்சாலை போட்ட மின்னமைப்பில் இல்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் நேராகப் பின்னால் ஓடிய தடித்த சிவப்பு வயர் ஒன்று இருந்தது. கிளாம்பை அதன்மேல் மாற்றிப் போட்டபோது 0.66 காட்டியது. அந்த வயர் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலேவுக்குப் போயிற்று. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிட வேண்டியது அந்த ரிலேயின் வேலை. அவர் அதன் சிறிய கட்டளை வயரைக் கழற்றிய பிறகும் இரண்டு பேட்டரிகளும் இணைந்தே இருந்தன. ரிலேவைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த இரு தொடுமுனைகளும் உருகி ஒட்டிப்போயிருந்தன.

ஏன் ஒட்டியது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. ரிலேயின் கட்டளை வயர் ஆல்டர்னேட்டரிலிருந்து வராமல், சாவியைத் திருப்பினாலே மின்சாரம் வரும் வயரில் ஒட்டுப்போடப்பட்டிருந்தது. அதனால் எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே ரிலே மூடிக்கொள்ளும். எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் பல நூறு ஆம்பியரில் ஒரு பகுதியைப் பின்பேட்டரியும் அந்த நாற்பது ஆம்பியர் ரிலேயின் வழியாகவே தர முயலும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீப்பொறி பட்டு ஒருநாள் தொடுமுனைகள் ஒன்றாகிவிட்டன. 0.66 ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்ததோ, படுக்கைக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர். அலமாரிக்குள் ஒளிந்திருந்த அதன் பொத்தான் எப்போதும் போடப்பட்டே இருந்திருக்கிறது; எதையும் மாட்டாவிட்டாலும் இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே அவ்வளவு மின்சாரம் வேண்டும். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இதற்கும் நாங்கள் மாற்றிய பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆனால் அன்று என்னை உண்மையில் நடுங்க வைத்தது வேறொன்று. அந்தத் தடித்த சிவப்பு வயரில் எந்த இடத்திலும் ஃபியூஸ் இல்லை. இருக்கைக்கு அடியில் தகரத்தில் போட்ட ஓட்டையின் வழியே அது நுழைந்த இடத்தில் ரப்பர் வளையமும் இல்லை. ஆண்டுக்கணக்கான அதிர்வில் தகரத்தின் விளிம்பு வயரின் மேலுறையை முக்கால்வாசி அறுத்திருந்தது. இன்னும் சிறிது அறுத்திருந்தால் பேட்டரியின் முழு வலுவும் வண்டியின் உடம்பில் பாய்ந்து, வயர் சிவக்கச் சூடாகி, அதன்மேல் இருக்கும் பஞ்சும் பலகையும் பற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் அந்தப் பலகைக்கு மேல்தான் உறங்கினோம். அண்ணன் அந்த இடத்தைக் கைவிளக்கால் காட்டிவிட்டு, எதுவும் பேசாமல் பேட்டரியின் முனையைக் கழற்றி வைத்தார். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வயருக்கு இரு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் அருகிலேயே, ஒவ்வொரு ஃபியூஸ் வேண்டும். ஏனென்றால் நடுவில் வயர் அறுந்து உடம்பில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும். பழைய கேம்பர் வாங்கியிருக்கும் எவரும், வேறெதையும் பார்க்காவிட்டாலும், ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரைத் தவிர, பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வயரும் ஒரு சாணுக்குள் ஃபியூஸில் போய்ச் சேருகிறதா என்பதை மட்டுமாவது இன்றே பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்பெட்டியின் கதை இதைவிட நுட்பமானது. வீட்டுப் பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கும்போது, குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்கையில் அதன் செருகியில் அளந்தால் 11.1 வோல்ட்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னழுத்தத்தில் 1.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. இதை ஓடும்போதுதான் அளக்க வேண்டும். குளிர்பெட்டியை நிறுத்திவிட்டு அளந்தால் அங்கும் 12.4 காட்டும், மின்னோட்டம் இல்லாதபோது ஒற்றை இழை வயர்கூட முழு வோல்ட்டையும் கொண்டுவந்து காட்டி நம்மை ஏமாற்றும். முந்தைய பட்டறையில் அப்படித்தான் அளந்து, வயர் நன்றாக இருக்கிறது, குளிர்பெட்டிதான் பழுது என்று சொல்லியிருந்தார்கள்.

இழப்பு எங்கே என்று அவர் பங்குபோட்டுக் காட்டினார். நேர்ப்பக்கத்தில் 0.8, எதிர்ப்பக்கத்தில் 0.5. நேர்ப்பக்க வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் அளவுடையது, ஏழு மீட்டர் நீளம். ஐந்து ஆம்பியர் ஓடும்போது செம்பின் தடையாலேயே அதில் 0.4 வோல்ட் போய்விடும். மீதி 0.4, முறுக்கி டேப் சுற்றிய ஓர் ஒட்டிலும் பிடி தளர்ந்த ஃபியூஸ் கூட்டிலும் போயிற்று. நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, ஒட்டு திறந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு வயரே போடாமல், அருகில் இருந்த தகரத்தில் ஒரு திருகாணியைப் பெயின்ட்டின்மேல் முடுக்கி எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கொடுத்திருந்தார்கள்.

இப்போது இரவில் நடந்ததெல்லாம் புரிந்தது. கம்ப்ரெசர் வைத்த 12 வோல்ட் குளிர்பெட்டிகளில் பேட்டரியைக் காப்பாற்ற ஒரு காவல் உண்டு. பரவலாகப் பயன்படும் ஒருவகைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்னழுத்தம் 10.4-க்குக் கீழே இறங்கினால் தானே நின்றுவிடும், 11.7-க்கு மேல் ஏறினால் மறுபடி கிளம்பும். பேட்டரி நள்ளிரவில் 11.8-க்கு வரும்போது குளிர்பெட்டிக்கு 10.5 மட்டுமே கிடைக்கும், கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் அதுவும் குறையும், காவல் நிறுத்திவிடும். நின்றவுடன் வயரில் மின்னோட்டம் இல்லாததால் இழப்பும் மறைந்து, செருகியில் 11.8 வந்து நிற்கும். சரி, பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி கிளம்பும். விடியும்வரை அந்தப் பெட்டி இப்படித் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வருவதால் இழப்பு போக மீதியே தாராளம். அதனால்தான் பகலில் குறை தெரியவில்லை. புதிய குளிர்பெட்டி வாங்குவதற்கு நாங்கள் கடைகடையாக விலை கேட்டுக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டதோ ஆறு சதுர மில்லிமீட்டர் வயர், நேருக்கொன்றும் எதிருக்கொன்றுமாக, வீட்டுப் பேட்டரியிலிருந்து நேராக. போட்ட பிறகு இழப்பு 0.25 வோல்ட் என்று அளந்து காட்டினார்.

பின்விளக்குத் தொல்லை பத்து நிமிட வேலைதான். விளக்குக் கூட்டின் எர்த் திருகாணி துருவில் மூடியிருந்தது. தனக்குத் திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்குகளின் வழியே திரும்பியதால்தான் ஒன்று எரிய மற்றொன்று மங்கியது. உப்புக்காற்றில், குறிப்பாகப் பினாங்கின் பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் கடற்கரையில் நிறுத்தும் வண்டிகளில் இது சகஜம் என்றார். சுரண்டி, பளபளக்கத் தேய்த்து, பல்வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார்.

வேலை மூன்று நாள் நீடித்தது. ரிலேவுக்குப் பதிலாக மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானே இணைந்து பிரியும் வகை ஒன்றைப் பொருத்தினார். எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்த பிறகுதான் அது இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். இன்வெர்ட்டருக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு முதன்மைச் சுவிட்சு வந்தது. ஒட்டுகளையெல்லாம் வெட்டியெறிந்து, சரியான இடுக்கியால் கிரிம்ப் செய்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டார். ஒவ்வொரு ஃபியூஸுக்கும் பக்கத்தில் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி என்று தம் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவுசெய்யத்தான் வேண்டும். கடைசியில், முழு மின்னமைப்பையும் ஒரு தாளில் வரைந்து, வயரின் அளவையும் ஃபியூஸின் அளவையும் குறித்துக் கொடுத்தார். எங்கள் வண்டிக்கு முதல்முறையாக ஒரு வரைபடம் கிடைத்தது.

மொத்தச் செலவு, தேடும் கூலியையும் சேர்த்து 820 ரிங்கிட். அதில் பொருள் பாதிக்கும் குறைவு. விலை நியாயமானது என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையாகாது. நாள் குறித்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை; நாங்கள் மூன்று முறை போய்த்தான் இடம் கிடைத்தது. வேலையில் இருக்கும்போது தொலைபேசியை எடுக்கவே மாட்டார். மதிப்பீட்டை எழுத்தில் தருவதில்லை. ரசீதும் கேட்டுத்தான் வாங்கினோம். காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நிழல்கூடச் சரியாக இல்லை, வயதானவர்கள் காலையிலேயே வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது. குளிர்பெட்டிக்கான புதிய வயர்களை அலமாரியின் வெளிவிளிம்பிலேயே பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓட்டியிருக்கிறார். பிறகு பார்ப்பதற்கு எளிது என்பது அவர் வாதம், ஆனால் கண்ணுக்கு அழகாக இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படுக்கையருகே உள்ள வாசிப்பு விளக்கை மறுபடி இணைக்க மறந்திருந்தார். திரும்பப் போனபோது, எதிரில் இருந்த லாரியை நிறுத்திவைத்துவிட்டு, "என் தப்பு, டீச்சர்" என்று சொல்லி உடனே செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வண்டிக்குள் வரும் 230 வோல்ட் பகுதியை அவர் தொடவே மாட்டார். முகாம் தளத்தில் வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் செருகி, கசிவு வந்தால் துண்டிக்கும் பொறி, மூன்று முனைப் பிளக்குகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டபோது, தாம் வண்டி வயர்மேன், அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற கட்டட வயர்மேன் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நம்மிடையே இரண்டு தொழிலுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் பலர் குழம்புகிறோம். 12 வோல்ட்டில் தவறு நேர்ந்தால் வண்டி எரியலாம்; 230 வோல்ட்டில் தவறு நேர்ந்தால் ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுபவரின் உயிரே போகலாம். தமக்குத் தெரியாத வேலையைச் செய்ய மறுத்ததை நான் குறையாகக் கருதவில்லை. அவர்மீது எனக்கு இருந்த மதிப்பு அப்போதுதான் உறுதிப்பட்டது.

வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நிறுத்தி வைத்த வண்டி இப்போது எடுப்பது 0.03 ஆம்பியருக்கும் குறைவு; இதை நாங்களே வாங்கிய கிளாம்ப் மீட்டரில் மாதமொருமுறை பார்த்துக் குறித்து வைக்கிறோம். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் வண்டியைத் தொடவில்லை, பிறகு முதல் திருப்பிலேயே கிளம்பியது. சென்ற மாதம் மறுபடி பந்திங் ஏரிக்கரைக்குப் போய், அதே மரத்தடியில் மூன்று இரவு தங்கினோம். குளிர்பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை வீட்டுப் பேட்டரி 12.3, எஞ்சின் பேட்டரி 12.6.

போக விரும்புவோருக்கு: ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு லாரிகள் வரிசை கட்டிவிடும். பினாங்குத் தீவிலிருந்து வருபவர்களுக்கு முதல் பாலமே வசதி. போவதற்கு முன்பு, எந்தத் தொல்லை எப்போது வந்தது, அப்போது எஞ்சின் ஓடியதா, மழையா வெயிலா, எதெல்லாம் போடப்பட்டிருந்தது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இதற்கு முன்பு மாற்றிய பொருள்களின் ரசீது இருந்தால் அதையும். அலமாரிகளையும் படுக்கையின் அடியையும் காலிசெய்துவிட்டுப் போனால் தேடும் நேரம் பாதியாகக் குறையும். நாங்கள் அரிசி மூட்டையோடும் பாத்திரங்களோடும் போய், முதல் ஒரு மணி நேரத்தை அவற்றை இறக்கி வைப்பதிலேயே செலவழித்தோம்.